இடைநின்று மொழிந்தவர்கள்: முத்துக்குளித்துறையின் பன்மொழி வாழ்வு

இராமேசுவரம் தீவுக்குத் தெற்கே தொடங்கிக் கன்னியாகுமரி வரை மன்னார் வளைகுடாவை ஒட்டி நீளும் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளில், அதாவது கடலோடிகள் 'பார்' என்றழைக்கும் இடங்களில் விளையும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுத்துவரும் தொழிலால் வந்த பெயர் அது. இக்கரையின் மொழி வரலாறு எழுதப்படும்போதெல்லாம் சவேரியார், அண்டிரிக் அடிகளார், வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் என்று கடல்கடந்து வந்து தமிழ் கற்ற பெரியோரின் பட்டியலாகவே அது அமைந்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் பிழையில்லை. அவர்கள் தமிழுக்குச் செய்தது பெரும்பணி. ஆயினும் அவர்கள் இங்கு வந்து இறங்கிய காலத்தில் அவர்களுடைய மொழியையோ அதற்கு நெருங்கிய வேறொரு மொழியையோ தமிழோடு சேர்த்து அறிந்த ஒருவர் முன்னரே கரையில் இருந்தார் என்பதும், அவர் துணையின்றி அவர்களால் இவ்வூராரிடம் வாய்திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது என்பதும் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இருமொழி அறிந்து இருவருக்கு நடுவே நின்று பேசுபவரைத் துபாசி என்பது பழைய வழக்கு. முத்துக்குளித்துறையின் உண்மையான மொழி வரலாறு இந்தத் துபாசிகளின் வரலாறே என்பதையும், தாய்மொழியை விட்டுவிடாமல் பிறமொழிகளைச் சேர்த்துக்கொண்ட எளிய மக்களின் வரலாறே என்பதையும் சான்றுகள் காட்டுகின்றன.

ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இக்கரை பலமொழிகள் புழங்கிய இடமாகத்தான் இருந்தது. பாண்டியரின் கொற்கைத் துறைமுகத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு' பெயர்சொல்லிக் குறிப்பதோடு, தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கே முத்துக்குளிக்கப்பட்டதையும் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் கொற்கையைக் குறிப்பிடுகிறார். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப் போக, துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் நங்கூரமிடுவதை எழுதினார். முத்துக்குளிக்கும்போது சுறாமீன்கள் அண்டாதபடி மந்திரம் ஓதிக் கட்டுபவர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டது என்ற செய்தியும் அவருடைய குறிப்பிலேயே உள்ளது. குதிரை விற்க வந்த அரபியும், முத்து வாங்க வந்த வெளிநாட்டு வணிகரும், மூழ்குபவரும், மந்திரக்காரரும், பாண்டியனின் ஆயத்துறை அலுவலரும் ஒரே கரையில் ஒரே பருவத்தில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்றால், அக்கணக்கை ஒருவர் மொழியிலிருந்து மற்றவர் மொழிக்கு மாற்றிச் சொன்னவர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை.

மொழியே தேவைப்படாத பேரமும் அக்கால வணிகத்தில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டைக் கண்ட இத்தாலியப் பயணி வர்த்தேமா, வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே தரகர் ஒருவர் துணிக்கடியில் கைகோத்து, எந்த விரலை எப்படித் தொடுகிறார் என்பதைக் கொண்டே விலையைப் பேசி முடிக்கும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். பாரசீக வளைகுடாவின் முத்து வணிகரிடத்தும் அது வழங்கிற்று. பக்கத்தில் நிற்கும் போட்டியாளருக்கு விலை தெரியாதிருக்கவே அந்த ஏற்பாடு என்றாலும், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத சந்தையில் அது தாராளமாகப் பயன்பட்டிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

1530களில் நிகழ்ந்த பெருமாற்றமும் ஒரு துபாசியின் வழியேதான் நிகழ்ந்தது. முத்துக்குளிக்கும் உரிமையையொட்டி, இக்கரையின் கடலோடிகளான பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையே கடும்பூசல் மூண்டிருந்த காலம் அது. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒருவர் 1513இல் சாமூதிரி மன்னரால் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டு, அங்கே திருமுழுக்குப் பெற்று, ஜொவாங் த குரூஸ் என்ற பெயரோடு திரும்பிவந்து, குமரிமுனைப் பகுதியில் குதிரை வணிகம் செய்துகொண்டிருந்தார். பரதவரின் தலைவர்களுக்குக் கொச்சியிலிருந்த போர்த்துகீசியரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்கும்படி யோசனை சொன்னவர் அவரே. தென்னாட்டுப் பேச்சும் போர்த்துகீசியமும் அறிந்த அந்த ஒரு மனிதர் நடுவில் இல்லாதிருந்தால் 1535க்குப் பின் பரதவர் கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவம் தழுவிய வரலாறு எந்தத் திசையில் போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது மொழிச் சிக்கல் இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. ஸ்பெயினின் வடக்கிலுள்ள நவார் நாட்டில் பிறந்த அவருடைய தாய்மொழி பாஸ்க். ஐரோப்பிய மொழிகள் எதனோடும் உறவில்லாத தனிமொழி என்று மொழியியலாளர் கூறும் மொழி அது. பாரிசில் கற்றவர், லத்தீன் அறிந்தவர், போர்த்துகீசியரோடு வந்தவர். ஆனால் தூத்துக்குடிக் கரையில் அவை ஒன்றும் நேராகப் பயன்படவில்லை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையாருக்கு எழுதிய மடலில், மக்களின் பிறப்புமொழி 'மலபார்', தமது மொழி பாஸ்க், ஆகவே அவர்கள் பேசுவது தமக்கும் தாம் பேசுவது அவர்களுக்கும் விளங்கவில்லை என்று அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். (தமிழையும் மலையாளத்தையும் 'மலபார்' என்ற ஒரே பெயரால் குறிப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கம்.) பிறகு அவர் செய்தது என்ன என்பதும் அதே மடலில் இருக்கிறது. ஊராரில் விவரமறிந்தவர்களைக் கூட்டி, போர்த்துகீசியமும் தமிழும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, பல நாள் உழைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்தார்.

கோவாவில் கல்வி பெற்ற, இக்கரையிலேயே பிறந்த மாணவர் சிலர் அவரோடு வந்திருந்தனர். அவர் எழுதிய கடிதங்களைப் படிக்கும்போது துபாசி கிடைக்காத நாட்களில் அவர் எவ்வளவு தவித்தார் என்பதும் தெரிகிறது. பாஸ்க்கில் சிந்தித்து, போர்த்துகீசியத்தில் பேசி, துபாசியின் வாயால் தமிழாகி மக்களை அடைந்த அந்தச் சொற்களில் எவ்வளவு சவேரியாருடையது, எவ்வளவு பெயர் தெரியாத அந்த இளைஞர்களுடையது என்று பிரித்தறிய இன்று வழியில்லை. மணப்பாட்டில் அவர் தங்கிய குகையை மக்கள் இன்றும் போற்றுகிறார்கள். அவருக்கு நாவாக இருந்தவர்களுக்கு அப்படி ஓரிடம் இல்லை.

துபாசி வழிப் பேச்சின் குறையை முழுதாக உணர்ந்தவர் அவருக்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் என்ற என்றிக்கே என்றிக்கசு. போர்த்துகல் நாட்டின் வில விசோசா ஊரில் 1520இல் பிறந்து, 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு இக்கரையை அடைந்த அவர், முதலில் எல்லோரையும்போல மொழிபெயர்ப்பாளரை நம்பியே பேசினார். பிறகு போர்த்துகீசியம் நன்கறிந்த ஓர் உள்ளூர்க்காரரின் துணையோடு இராப்பகலாகத் தமிழ் படித்து, சில மாதங்களிலேயே துபாசியின்றிப் பேசத் தொடங்கினார். முன்னர் மொழிபெயர்க்கப்பட்டிருந்த மன்றாட்டுகளில் பல பிழைகள் இருந்ததைக் கண்டு திருத்தினார். பிழைகளுக்குத் துபாசிகளைக் குறைசொல்வது நியாயமாகாது. ஒரு சமயத்தின் கருத்துகளை அதுவரை அவை சொல்லப்படாத மொழியில் முதன்முதலாகச் சொல்ல வேண்டிய பாரம் அவர்கள் தலையில் விழுந்திருந்தது, அதைச் சுமக்க அவர்களிடம் அகராதியும் இல்லை, முன்மாதிரியும் இல்லை.

அண்டிரிக் அடிகளார் 1549ஆம் ஆண்டளவில் எழுதிய தமிழ் இலக்கணம் லிஸ்பன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகப் பாதுகாக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதி இன்று கிடைக்கும் இலக்கணங்களில் மிகப் பழையது அது. நன்னூலைப் பார்த்து எழுதிய இலக்கணம் அன்று; லத்தீன் இலக்கணத்தின் வேற்றுமை, வினைப் பகுப்பு என்ற சட்டகத்தை எடுத்துக்கொண்டு, தம் காதில் விழுந்த கடற்கரைத் தமிழை அதில் நிரப்பிப் பார்த்த முயற்சி. வினைச்சொற்களின் திரிபுகளை வரிசை வரிசையாக அடுக்கும் அந்தப் பக்கங்களில் ஏட்டுத் தமிழோடு பேச்சுத் தமிழும் கலந்தே வருகிறது. தமிழிலக்கண மரபு பதிவு செய்யாமல் விட்ட 16ஆம் நூற்றாண்டுப் பேச்சுவழக்கு, மீனவரிடம் மொழி கற்க வந்த ஓர் அயலாரின் குறிப்பேட்டில் தங்கியிருக்கிறது. அவருக்கு ஒவ்வொரு வடிவத்தையும் சொல்லிக்காட்டி, தவறினால் திருத்தி, மறுபடி சொல்லச் செய்தவர்களையும் அந்த நூலின் ஆசிரியர்களாகவே கொள்ள வேண்டும்.

உள்ளூராரின் பங்கு ஐயமின்றி எழுத்தில் பதிவான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1554 பிப்ரவரி 11 அன்று லிஸ்பன் நகரில் அச்சிட்டு முடிக்கப்பட்ட 'கார்த்தில்யா' என்ற சிறு மறைக்கல்வி நூலே அச்சேறிய முதல் தமிழ் நூல். தமிழ் எழுத்து வார்க்கப்படாத காலமாதலால் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டு, வரிக்கு வரி போர்த்துகீசியப் பொருளும் உடன் தரப்பட்டது. இதை மொழிபெயர்த்தவர்கள் லிஸ்பனில் வாழ்ந்த தமிழர் மூவர்: விசேந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமே த குரூஸ். தமிழ் அச்சு வரலாற்றின் முதல் பக்கத்தில் நிற்க வேண்டிய பெயர்கள் இவை. ஆனால் இவர்களுடைய பிறப்புப் பெயர்கள் அழிந்து, திருமுழுக்குப் பெயர்கள் மட்டுமே எஞ்சியதால் படிப்பவர் இவர்களையும் போர்த்துகீசியர் என்றே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். தாய்நாட்டை விட்டு வெகுதொலைவில், தம் மொழி ஓசைகளை அயல் எழுத்துகளில் எப்படி அடைப்பது என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். இன்று கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் தட்டும் எவரும் அவர்களுடைய சங்கடத்தை நன்றாக அறிவார்.

அதற்கு 24 ஆண்டுகளுக்குப் பின், 1578 அக்டோபர் 20 அன்று, கொல்லத்தில் 16 பக்கமுள்ள 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அது போற்றப்படுகிறது. 1579இல் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' எனத் தொடர்ந்து நூல்கள் வந்தன. அண்டிரிக் அடிகளார் பெயரில் வழங்கும் இப்பணியில் மானுவல் த சாங் பேத்ரோ என்ற குருவும் மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டார். அச்சுப் பணிக்கு வேண்டிய பொருளை முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களே திரட்டிக் கொடுத்தனர். மூச்சடக்கிச் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதியைத் தம் மொழி நூல் அச்சேற ஈந்த மக்கள் அவர்கள். எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் அவர்களில் பெரும்பாலோர்க்கு அந்நூலைக் காதால் கேட்கத்தான் முடிந்திருக்கும் என்பதை எண்ணும்போது அந்தக் கொடையின் அருமை இன்னும் தெளிவாகிறது.

இதன் விளைவு நான்கு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்திருக்கிறது. தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் ஆகிய ஊர்களில் பர்னாந்து, மோத்தா, ரோச், கொரைரா, மச்சாது, வாஸ் என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பனிமய மாதா பேராலயத்தைத் 'தஸ்நேவிஸ் மாதா கோவில்' என்று போர்த்துகீசிய ஒலியிலேயே சொல்வாரும் உண்டு. ஆனால் அப்பெயர் தாங்கியவர் வீட்டுப்பேச்சு தமிழ், மன்றாட்டு தமிழ், ஒப்பாரியும் தாலாட்டும் தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் பூசை வரும் வரையில் பீடத்தில் லத்தீன் ஒலித்தது. சிறுவர்கள் பொருளறியாமலே லத்தீன் மறுமொழிகளைத் தலைகீழாய் ஒப்பித்தனர். பூசை முடிந்து வெளியே வந்ததும் மாலையும் நவநாளும் தமிழில் நடந்தன. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபின் அவர்களுடைய சீர்திருத்தச் சபையும் இங்கே காலூன்ற முயன்றது. பரதவர் கத்தோலிக்கராகவே நின்றனர். டச்சு மொழியும் பரவவில்லை. மாறாக, இலங்கையிலும் தென்னிந்தியத் துறைகளிலும் டச்சு அலுவலரே மக்களோடு பேசப் போர்த்துகீசியத்தைப் பெரிதும் நாட வேண்டியிருந்தது. தோற்று வெளியேறிய நாட்டாரின் மொழி, வென்றவரின் வாயில் துபாசி மொழியாகத் தொடர்ந்தது.

முத்துக்குளித்துறையில் பரதவரை மட்டும் பேசி நிறுத்துவது பாதிக் கதையாகிவிடும். திருச்செந்தூருக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள காயல்பட்டினம் தமிழ் முஸ்லிம்களின் தொன்மையான ஊர். அங்கு வளர்ந்த அரபுத்தமிழ் என்ற எழுத்து மரபு இக்கரையின் பன்மொழி அறிவுக்கு மிக நுட்பமான சான்று. அரபுத்தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. 'அர்வி' என்றும் அதற்குப் பெயர். அரபியில் ட, ண, ள, ழ, ங, ஞ, ப ஆகிய ஒலிகளுக்கு எழுத்தில்லை. அதற்காகத் தமிழொலியைச் சிதைத்துவிட அவர்கள் ஒப்பவில்லை. அருகொலி கொண்ட அரபு எழுத்துகளை எடுத்து, மேலும் கீழும் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். அரபு உயிர்க்குறிகள் அ, இ, உ என்ற மூன்றையே காட்டும்; எகரமும் ஒகரமும் இல்லாமல் தமிழ் எழுத இயலாதென்பதால் அவற்றுக்கும் தனிக்குறி வகுத்தனர். மார்க்க நூல்கள் மட்டுமின்றிக் குடும்பக் கடிதங்களும் வணிகக் கணக்குகளும் அதில் எழுதப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் பள்ளிக்கூடம் போகாமலே தம் தாய்மொழியை அந்த எழுத்தில் வாசித்தனர். கொழும்பிலிருந்த கணவர்க்கும் மக்களுக்கும் அதிலேயே கடிதம் எழுதினர். தமிழர் எழுத்தறிவைக் கணக்கெடுத்தவர்கள் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்ததால் இந்தப் பெண்கள் எழுத்தறியாதவர் வரிசையில் சேர்க்கப்பட்டிருக்கக் கூடும் என்பது வருந்தத்தக்கது.

காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா அரபியில் பாடல் இயற்றிய பேரறிஞர். எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகப் பாட விரும்பியபோது, அதற்குரிய அரபு மூலச் செய்திகளை இவரிடமிருந்தும் இவர் வழியிலும் பெற்றார் என்று மரபு கூறுகிறது. சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்ததிலும் இருமொழி அறிந்த ஒருவரின் இடைநிலைப் பணி இருக்கிறது.

கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போனால் படம் மேலும் விரிகிறது. உமறுப்புலவர் வாழ்ந்த, பின்னர் 1882இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தின் பாளையக்காரரும், பாஞ்சாலங்குறிச்சியின் கட்டபொம்மனும் வீட்டில் தெலுங்கு பேசியவர்கள். ஆட்சியும் கணக்கும் தமிழில் நடந்தன. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவலில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் தமிழ்ப் பேச்சுக்கு 1982இல் தனி அகராதியே தொகுத்தார். வீட்டுமொழி வேறாக இருந்தவர் ஊர்மொழியை அதன் மக்களைவிடக் கூர்ந்து கேட்டிருக்கிறார். இதை விதிவிலக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்த செவி, ஒற்றை மொழிச் செவிக்குப் பழகி மரத்துப்போன வேறுபாடுகளை உடனே பிடித்துக்கொள்கிறது.

இந்த மரபின் பெருமையைத் தேடிக் கண்டெடுத்துத் தமிழர் முன் வைத்தவரும் தூத்துக்குடியோடு தொடர்புடையவரே. யாழ்ப்பாணத்துக் கரம்பனில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் ஆங்கில வழியில் கல்வி கற்று, உரோமையில் லத்தீனும் இத்தாலியமும் பயின்று, தூத்துக்குடி மறைமாவட்டத்தின் குருவானார். 1940களில் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் முறையாகத் தமிழிலக்கியம் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கிய ஆய்வு செய்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்தபின் தம் தாய்மொழிக்குத் திரும்பிவந்து அதைக் கற்றவர் அவர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவி, 1952 முதல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய நூலகங்களில் உறங்கிக்கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிக் கண்டு, 1554ஆம் ஆண்டு நூலைப் பற்றியும் பிறவற்றைப் பற்றியும் எழுதினார். போர்த்துகீசியமும் லத்தீனும் தெரியாத தமிழறிஞருக்கும், தமிழ் தெரியாத ஐரோப்பிய நூலகருக்கும் இந்நூல்களின் மதிப்பு விளங்கியிராது. இரண்டும் அறிந்த ஒருவர் போக வேண்டியிருந்தது.

பிறமொழிகள் பெருகினால் தாய்மொழி அழிந்துவிடும் என்ற அச்சம் தமிழரிடையே அடிக்கடி எழுகிறது. அந்த அச்சத்துக்கு முத்துக்குளித்துறையும் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையின் மேற்குக்கரையும் சேர்ந்து ஒரு தெளிவான பாடத்தைத் தருகின்றன. நீர்கொழும்பு வட்டாரத்து மீனவரிடையே தமிழும் சிங்களமும் கலந்து வழங்குகின்றன. தம்மைச் சிங்களவராகக் கருதும் குடும்பங்களிலும் வீட்டில் தமிழ் பேசுவோர் உண்டு. மொழியியலாளர் 'நீர்கொழும்பு மீனவர் தமிழ்' என்று பெயரிட்டு ஆராய்ந்த அந்த வழக்கில், வினைமுற்று தன் விகுதிகளைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. நான் என்றால் 'போனேன்', நீ என்றால் 'போனாய்', அவன் என்றால் 'போனான்' என்று எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவது தமிழின் இயல்பு. பேச்சுச் சிங்களத்தில் அந்த மாற்றம் இல்லை, அதன் அருகிலேயே வாழ்ந்த இந்தத் தமிழிலும் அது மறைந்து, எல்லோர்க்கும் ஒரே வினைவடிவம் போதும் என்றாகிவிட்டது. அப்பகுதியின் பள்ளிகளில் பயிற்றுமொழியும் தேவாலயங்களில் வழிபாட்டு மொழியும் சிங்களமாக மாறியபின், இளைய தலைமுறையில் தமிழ் சுருங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு கரைகளிலும் ஒரே தொழில், ஒரே சமயம், அதே போர்த்துகீசியப் பெயர்கள். தூத்துக்குடிப் பக்கம் போர்த்துகீசியமும் லத்தீனும் டச்சும் ஆங்கிலமும் வந்துபோன பின்னும் தமிழ் குன்றவில்லை. நீர்கொழும்புப் பக்கம் ஒரே ஒரு அண்டை மொழி வந்து தமிழின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே எத்தனை மொழிகள் சேர்ந்தன என்பதைவிட, பள்ளி, வழிபாடு, எழுத்து ஆகிய மூன்றும் எந்த மொழியில் இருந்தன என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது. அண்டைச் சமூகத்தின் எண்ணிக்கையும் அரசின் மொழிக்கொள்கையும் இதில் பங்குகொண்டன என்பது உண்மையே. என்றாலும் 1578இல் இக்கரை மக்கள் அச்சுக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இன்றைய நிலை கவலைக்கு இடமளிக்கிறது. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. பார்களின் பெயர்கள் முதியோர் நினைவில் மட்டும் தங்கியிருக்கின்றன. சங்குகுளிப்பு தொடர்கிறது, இங்கு எடுக்கப்படும் சங்கு வளையலாக அறுபடுவதற்கு வங்கத்துக்குப் போவதால் வங்க வணிகரோடு பேச்சு அறுபடவில்லை. 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்தில் ஆங்கிலேயர் ஆதிக்கத்தை உடைக்கத்தான். அந்தக் கடல்வழியில் பாய்மரத் தோணிகளில் போய்வந்த தலைமுறைக்குக் கொழும்புத் துறையின் சிங்களம் பழக்கமான பேச்சு. இலங்கையின் போர்க்காலம் அந்தத் தொடர்பை வெட்டியது. 2011 ஜூனில் தொடங்கப்பட்ட பயணிகள் கப்பலும் சில மாதங்களில் நின்றுபோனது. இன்று எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்படும் மீனவர் புத்தளம் போன்ற ஊர்களின் நீதிமன்றங்களில் நிறுத்தப்படும்போது, வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களமாதலால், தம்மேல் சுமத்தப்படும் குற்றமே மொழிபெயர்ப்பாளர் சொன்னால்தான் அவர்களுக்குப் புரிகிறது. தாத்தாவுக்குப் பழகிய மொழி பேரனுக்குப் புரியாத மொழியாகிவிட்டது.

இன்னொரு புறம், கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றின் திசையைப் பெயரால் அறிந்த கடலோடிகளின் சொற்களஞ்சியம் எழுத்தில் ஏறியது மிகக் குறைவு. உவரியில் பிறந்த ஜோ டி குரூஸ் தம் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்களில் அதில் ஒரு பகுதியைக் காப்பாற்றினார். 'கொற்கை'க்கு 2013இல் சாகித்ய அகாதெமி விருதும் கிடைத்தது. நாவலாசிரியர் ஒருவர் செய்ததைப் பல்கலைக்கழகத் துறைகள் இன்னும் பல மடங்கு விரிவாகச் செய்திருக்க வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இந்தியும் ஒடியாவும் வங்கமும் பேசும் தொழிலாளர் ஏராளமாக வந்திருக்கின்றனர். அவர்களுக்கும் உள்ளூர் மேஸ்திரிக்கும் நடுவே நின்று பேசும் புதிய துபாசிகள் உருவாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையும் எவரும் பதிவு செய்வதாகத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. காயல்பட்டினத்து வீடுகளில் பரண்மேல் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும் கடிதங்களையும் செல்லரிக்குமுன் படமெடுத்துப் பாதுகாக்க வேண்டும். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த முதிய பெண்கள் இருக்கும்போதே இளையவர் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணியோட்டிய முதியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தமிழ் அச்சு வரலாறு சொல்லும் பாடநூல்களில் விசேந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமே த குரூஸ் என்ற மூவரின் பெயரும், அவர்கள் தமிழர் என்ற குறிப்போடு இடம்பெற வேண்டும். இக்கரையில் பிறந்தவர்கள் தங்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம் அவர் எந்தெந்த மொழியை எவரிடம் கற்றார் என்று கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்வார்களாக.